தர்ஷினி பேர் போட்ட காகிதம்

"அந்தக் கலைச்செல்வன் பொண்ணு பேர் போட்ட காகிதம் எங்க? எடு வெளிய."

பாக்யராஜ் கரும்பு வெட்டும் கத்தியோடுதான் பள்ளிக்கூடத்துக்குள் வந்தார். ஒருத்தரும் தடுக்கவில்லை. கத்தியோடு வருகிறவன் எதிரில் யார் போய் நிற்பார்கள்? வராண்டாவில் மதியச் சோறு தின்றுகொண்டிருந்த பிள்ளைகளை டீச்சர்கள் வகுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

தலைமை ஆசிரியர் ஆதிமூலம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பாக்யராஜு, மொதல்ல கத்தியக் கீழ வைப்பா. பேசிக்கலாம்."

"கரும்புக் கொல்லையிலேருந்து நேரா வரேன். கத்திய இன்னா, வூட்ல வெச்சிப் பூட்டிட்டு வரணுமா? காகிதத்த எடு சார்."

சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து ரோஸ்லின் வந்தாள். வியாழக்கிழமை மட்டும் டவுனிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற கவுன்சலிங் மேடம். பயந்துபோன பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதற்கு அவளுக்குச் சர்க்கார் சம்பளம் கொடுக்கிறது. பேசினால் பயம் போய்விடுமா என்று ஊர் சிரித்தது. சிரித்ததில் தப்பும் இல்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால், பாகூர் போகிற ரோட்டில், எட்டுப் பிள்ளைகளோடு ஸ்கூல் ஆட்டோ வாய்க்காலில் கவிழ்ந்தது. ஆறு பேர் தூரப் போய் விழுந்து தப்பித்தார்கள். வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது இரண்டு பேர். பாக்யராஜின் மகன் நவீன்குமார், ஆட்டோ ஓட்டிய கலைச்செல்வனின் மகள் தர்ஷினி.

செல்போன் பேசிக்கொண்டே ஓட்டியவன் கலைச்செல்வன். பெற்ற மகளையும் விட்டுவிட்டுக் கரும்புக்குள் புகுந்து ஓடிவிட்டான். ஆள் சேர்ந்து வண்டியை நிமிர்த்த அரை மணி ஆனது. பையன் பிணமாக வந்தான். தர்ஷினி உயிரோடு வந்தாள். அன்றைக்கு மூடின வாயை அவள் திறக்கவில்லை.

மற்ற ஆறு பிள்ளைகளும் ரோஸ்லினிடம் போய் உட்கார்ந்தார்கள். தர்ஷினி மட்டும் போகவில்லை. வீட்டில் யாராவது கையெழுத்துப் போட்டால்தான் போகலாம் என்பது சட்டம். அம்மா செத்து மூன்று வருஷம். அப்பன் ஜெயிலில். வளர்க்கிற அத்தை தேவி, கொடுத்த காகிதத்தை அப்படியே தூக்கி எறிந்தாள்.

"புள்ள வாயக் கெளறி, எங்க அண்ணனுக்கு எதிரா எழுதினு போய் கோர்ட்ல குடுக்கவா?" என்றாள். கோர்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று ரோஸ்லின் மூன்று தடவை போய்ச் சொன்னாள். யார் நம்புவார்கள்? சர்க்கார் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நல்லது கண்ட வீடு அந்தத் தெருவில் ஒன்றுகூட இல்லை.

"சொல்லுங்கண்ணே, இன்னா வேணும்?" என்றாள் ரோஸ்லின்.

"அது வாயத் தொறந்துச்சா?"

"இல்ல."

"ஒரு வார்த்த கூடவா?"

"கிளாஸ்ல ஒண்ணுக்கு வந்தாக்கூட கேக்க மாட்டேங்குதுண்ணே. ஒக்காந்த எடத்துலயே போயிடுது."

"ரெண்டு மாசமா இன்னாதான் புடுங்கறீங்க எல்லாரும்? மாசம் பொறந்தா சம்பளம் மட்டும் வந்துருதுல்ல?"

ஆதிமூலத்துக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "அப்பன் மேல இருக்கற கோவத்த கொழந்த மேல காட்டாதப்பா. ஒந் தங்கச்சி பெத்த பொண்ணு அது. தங்கச்சி இல்லன்னாலும் நீ தாய்மாமன்தானே?"

"எவன் தாய்மாமன்? எம் புள்ளைய எடுத்துப் பொதைச்ச அன்னிக்கே அந்த வூட்டத் தலமுழுவிட்டேன். அவன் ஜெயில்ல கெடக்கறதால பொழைச்சான். வெளிய வரட்டும், இருக்குது."

தேவி தூக்கி எறிந்த காகிதத்தை ஆதிமூலம் பீரோவிலிருந்து எடுத்தார். எடுத்தவர் கொடுக்காமல் மார்போடு வைத்துக்கொண்டார். பாக்யராஜ் அதைப் பிடுங்கினார். கிழிக்கப் போகிறார் என்று ரோஸ்லின் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பேனா குடு."

"எதுக்குப்பா?"

"கையெழுத்துப் போட்றதுக்கு. தாய்மாமன் போட்டா செல்லுமா, செல்லாதா?"

"செல்லும், செல்லும். தாராளமா செல்லும்."

பாக்யராஜ் எழுத்துக் கூட்டி, பேனா முனை மேசையில் பதிகிற மாதிரி அழுத்திப் போட்டார். ஆதிமூலம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெரிய மனசுப்பா ஒனக்கு."

"மனசாவது மண்ணாவது. அந்தக் குடும்பத்து மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன் நானு."

ரோஸ்லினுக்கு அப்போதுதான் உறைத்தது. காகிதத்தைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அண்ணே, நேராவே சொல்லிட்றேன். பேச வெச்சி, அவங்க அப்பாவுக்கு எதிரா சாட்சி சொல்ல வெக்கலாம்னு நெனச்சீங்கன்னா அது எங்கிட்ட நடக்காது."

"கேசு கெடக்குது கேசு! அவனத் தூக்குல போட்டா எம் புள்ள எழுந்து வந்துருவானா?"

"அப்பறம் எதுக்குத்தான் அவ பேசணும்னு நிக்கறீங்க?"

பாக்யராஜ் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் வாசல் வரைக்கும் போய் நின்றார்.

"வண்டிக்கு அடியில கெடந்தப்ப எம் புள்ள என்னக் கூப்ட்டானான்னு அவ ஒருத்திக்குத்தான் தெரியும்."