றீற்றா விழுந்திட்டா

"என்னது, றீற்றா விழுந்திட்டாவோ? எப்ப?"

சோற்றுக் கையோடு சோதிலிங்கம் போனில் கத்தியதும், லீலாதேவி எடுத்த குழம்புக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"நேற்றுப் பின்னேரம் முழுக்க அவளோடதானே மல்லுக்கட்டினனான்! இரஞ்சிதம் எப்பிடி? அவ எப்பவும் மந்தம்தான், விடும். றீற்றாவை இன்னொருக்காத் தட்டிப் பாரும். அசையாட்டி நான் வாறன்."

அரைவாசிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

"ஆரப்பா அது றீற்றா?"

"கந்தோர் விசயம். உமக்கு விளங்காது."

விளங்காதாம்! ரெண்டு மாதமாக இவர் போனில் சொல்கிற பொம்பிளைப் பேர்களைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறாள். போன கிழமை றிஸானா. அதற்கு முதல் கிழமை இரஞ்சிதம். சாதி, சமயம் பாராத மனிசன் என்று முந்தி இவரை நினைத்துப் பெருமைப்பட்டவள் அவள்.

அவருடைய மோட்டார் சைக்கிள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டியிருக்காது. லீலாதேவி ஓட்டோ பிடித்துவிட்டாள்.

சண்டைக் காலம். வழியில் ஆமிக்காரன் மறித்து, எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான்.

"என்ர மனிசனைப் பிடிக்க" என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள்.

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். பையைத் திறக்கவே சொல்லாமல் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

கண்டி ரவுணில் அவருடைய கந்தோரான தேயிலைக் கம்பனி மாடியில் இராஜகுமாரி மட்டும் இருந்தாள். சோதிலிங்கத்துக்குக் கீழே வேலை செய்கிற பிள்ளை.

"வாங்கக்கா! சார் உள்ள வயரு பாத்துக்கிட்டு இருக்காரு."

"எங்க அந்த றீற்றா?"

"றீற்றாவா? அந்தா, செவப்பா இருக்கே, பாருங்க."

சிவப்பு வேறயோ! லீலாதேவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பினாள். அறையில் வேறு ஆளில்லை. ஒரு கொம்பியூட்டர்தான் இருந்தது. திரை முழுக்கக் கோடுகளால் கோத்த சின்னச் சின்னப் பெட்டிகள். எல்லாம் பச்சை, ஒன்று மட்டும் சிவப்பு. அதற்கு மேலே 'றீற்றா' என்றிருந்தது. கீழே பொடி எழுத்தில் 'பிலிமத்தலாவை'.

"நம்ம பிலிமத்தலாவக் கிளைக் கம்ப்யூட்டரு, அக்கா. லைன் போயிருச்சுன்னா செவப்பாயிரும். றிஸானா வத்தேகம. இரஞ்சிதம் ஹுன்னஸ்கிரிய. மலையில கெடக்குறதால எப்பவும் மெதுவாத்தான் வேல செய்யும்."

சத்தம் கேட்டு, தலையில் ஒட்டடையோடு சோதிலிங்கம் வெளியே வந்தார்.

"நீர் எப்பிடி இஞ்ச?"

"கொம்பியூட்டருக்கு என்னத்துக்கப்பா பொம்பிளைப் பேர்?"

அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பயந்திடுவீர் எண்டுதான் சொல்லேல்லை. ரெண்டு மாசத்துக்கு முதல் பஸ்ஸில வரேக்க போன் வந்தது. சனத்துக்குள்ள நிண்டு கத்திப்போட்டன்: 'வத்தேகம விழுந்திட்டுதோ? பிலிமத்தலாவையும் போச்சோ? அப்ப ஹுன்னஸ்கிரியவும் இப்ப விழும்!' எண்டு."

லீலாதேவி நெஞ்சில் கை வைத்தாள். இந்தக் காலத்தில் ஒரு தமிழன் பஸ்ஸுக்குள் நின்று கத்துகிற கதையா இது?

"பஸ் நேரே பொலிசுக்குத்தான் போனது. விழுந்தது ஊரில்லை, கொம்பியூட்டர் எண்டு விளங்கப்படுத்தப் பொழுதுபட்டுட்டுது. விளங்கின உடன அங்க இருந்த பொலிஸ் சார்ஜன் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். 'மாத்தயா, இனி ஊர்ப் பேர் வேணாம். பொம்பளப் பேர் சொல்லுங்க. பஸ்ஸில ஒருத்தரும் பயப்பட மாட்டாங்க, ஆசையாக் கேட்டுக்கிட்டு வருவாங்க' எண்டார்."

"அப்ப கீழ ஊர்ப் பேர் கிடக்குது?"

"அது மெஷினுக்குச் சொந்தப் பேர். அதை மாத்தினால் பழைய பதிவெல்லாம் அறுந்து போகும். மேல கிடக்கிறது நாங்கள் கூப்பிடுற பேர் மட்டும்தான்."

லீலாதேவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அவரும் தப்பினோம் என்று மறுபடி வயர்களுக்குள் போய்விட்டார்.

சிரித்து முடிந்ததும் அவள் ஒவ்வொரு பெட்டியாக வாசித்துப் பார்த்தாள். றீற்றா. றிஸானா. இரஞ்சிதம். இராஜேஸ்வரி... கடைசிவரை போனாள். முகம் சுருங்கிப் போயிற்று.

"ஊரில உள்ள பொம்பிளையள் எல்லாருக்கும் இடமிருக்குது. கட்டின மனிசிக்கு ஒரு பெட்டி இல்லையோ?"

இராஜகுமாரி உள்ளே ஒருதடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மொதல்ல பிலிமத்தலாவைக்கு ஒங்க பேரத்தாங்கா வச்சேன். அன்னிக்கே லைன் போயிருச்சு. நானும் போன் போட்டு, 'சார், லீலா செத்துருச்சு'ன்னுட்டேன். மனுசன் மூச்சு எரைக்க ஓடியாந்து, மொத வேலயா அந்தப் பேர அழிச்சாரு. 'கொம்பியூட்டர் எண்டு தெரியும் பிள்ளை, ஆனா அந்தச் சொல்லைக் கேக்க எனக்கு ஏலாது'ன்னாரு."