முழு வட்டம்

சாகச விமானம் ஒன்றில் உயரமானியும் வேகமானியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. விமானம் கீழே பாய்ந்தால் உயரம் குறைந்து வேகம் ஏறும். மேலே எழும்பினால் வேகம் குறைந்து உயரம் ஏறும். ஒன்று இளைத்தால் மற்றது தேறும் என்பதால் இரண்டும் சண்டையில்லாமல் காலம் தள்ளின.

ஒருநாள் விமான சாகச விழாவில் விமானி, கூட்டத்துக்குக் கையசைப்பதற்காகத் தரையோரமாக மெல்லப் பறந்தார். வேகம் பிடிக்காமலே வானத்தில் செங்குத்தாக ஒரு வட்டமடிக்க விமானத்தின் மூக்கைத் தூக்கினார்.

வட்டத்தின் உச்சியில் தலைகீழாகத் தொங்கியபோது, "அண்ணே, என்கிட்ட ஒண்ணுமே இல்லை" என்றது வேகமானி.

"என்கிட்டயும் போதாதுடா. இங்கிருந்து கீழே வளைஞ்சா தரையில மோதிடுவோம்" என்ற உயரமானி, விமானியிடம் கத்தியது: "சார், வட்டத்தை விட்டுடுங்க! இப்படியே புரண்டு நிமிர்ந்து போயிடலாம். பாதியில விட்டா யாரும் சாகப்போறதில்லை!"

விமானியின் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் விழா வர்ணனையாளர் முழங்கிக்கொண்டிருந்தார்: "இதோ, நம் சிங்கத்தின் முழு வட்டம்!"

விமானி கீழ்நோக்கி வளைத்தார். வட்டத்தை முடிக்க இடமில்லை.

இரங்கல் கூட்டத்தில், மாலை போட்ட படத்தின் கீழே, கண்ணாடி உடைந்த இரண்டு கருவிகளையும் வைத்திருந்தார்கள். அதே வர்ணனையாளர் மைக்கைப் பிடித்தார்: "பாழாய்ப்போன கருவிகள் நம் சிங்கத்தின் காலை வாரிவிட்டன!" கூட்டம் கைதட்டியது.

"நாம கத்தினது அவருக்குக் கேக்கவே இல்லையா அண்ணே?" என்றது வேகமானி.

"எப்படிடா கேக்கும்? அன்னைக்கும் இவன்தானே பேசிக்கிட்டிருந்தான்" என்றது உயரமானி.