நடுச்சுவர்ப் படம்

"படத்துக்குக் கீழ என் பேரைப் போடுங்க சார்."

கேட்டே விட்டேன்.

வெளிச்சம் சார் காலரைச் சரிசெய்துகொண்டே சுவர்க் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கண்காட்சி தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. வாயைத் திறந்தால் "வெளிச்சம் பேசணும்" என்பார். அதனால் ஸ்டூடியோவில் நாங்கள் வைத்த பெயர் இது.

"பிலிம் கழுவினவங்க பேரைப் போடணும்னா, ஓட்டல்ல தட்டு கழுவுறவன் பேரை மெனு கார்டுல போடணும்," என்றார். நான் சிரிப்பதற்காகக் கொஞ்சம் இடைவெளியும் விட்டார்.

"கழுவினதுக்குக் கேக்கல சார்."

அவர் கை காலரிலேயே நின்றது. ஒரு நொடிதான்.

"போய் நாற்காலியெல்லாம் சரியா இருக்கான்னு பாரு."

வேலையில் சேர்ந்த அன்று அம்மா சொல்லி அனுப்பியது இதுதான். லீவு கேள், நாற்காலி கேள், ஃபேன் கேள். பெயரை மட்டும் கேட்காதே.

அப்பா டைல்ஸ் ஒட்டுபவர். ஒரு பெரிய வீட்டு மாடிப்படி மூலையில், சிமெண்ட் ஈரமாக இருந்தபோது, ஆசைப்பட்டுத் தன் பெயரைக் கீறி வைத்தார். அந்தப் படியையே உடைத்துத் திரும்பப் போட வைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பெயர் என்பது கெட்ட வார்த்தை. பட்டச் சான்றிதழில் என் பெயர் அச்சாகி வந்தபோதுகூட அம்மா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஸ்டூடியோவின் இருட்டறையை இடித்து ஏ.சி. போட்ட பிறகுதான் வெளிச்சம் சாருக்குப் பழைய பிலிம் கேமரா பைத்தியம் பிடித்தது. அதனால் அவருடைய ரோல்களை எங்கள் வீட்டுப் பாத்ரூமில் கழுவினேன். எட்டு வீட்டு மிச்ச டைல்ஸ் ஒட்டிய பாத்ரூம். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத டைல்ஸ்.

கதவிடுக்கில் துண்டைச் செருகி, விளக்கை அணைத்து, கும்மிருட்டில் பிலிமைச் சுருளில் ஏற்றும்போதுதான் சரியாக அப்பாவுக்கு வயிறு கலக்கும்.

"எம்மா, திறம்மா. உயிர் போகுது."

"திறந்தா படம் போயிடும்பா."

"படமா, நானா?"

படம்தான். அப்பாவுக்கும் அது தெரியும். பக்கத்து வீட்டுக்கு ஓடுவார். கழுவிய பிலிம் அம்மாவின் உள்பாவாடைக்குப் பக்கத்தில் கொடியில் தொங்கிக் காயும்.

அவருடைய முதல் ரோல் வெறும் பட்டையாக வந்தது. ஒரு படம்கூட இல்லை. கேமராவில் மாட்டும்போது பிலிமின் நுனி உருளையைப் பிடிக்காமல் நழுவியிருக்கிறது. அப்படி நழுவினாலும் க்ளிக் சத்தம் கேட்கும், மேலே எண் ஓடும். இடப்பக்கக் குமிழ் மட்டும் சுற்றாது. பிலிம் கேமராவைத் தொட்ட எவரும் முதல் நாளே கற்றுக்கொள்வது அந்தக் குமிழைப் பார்க்கத்தான். சார் பார்க்கவில்லை. முப்பத்தாறு தடவை காற்றைப் படமெடுத்திருந்தார்.

இதைப் போய்ச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன இடங்களில் நானும் எடுத்திருந்தேன். பழைய இரும்புக் கடையில் கிடைத்த கேமரா. பின்மூடிக்குக் கறுப்பு டேப். என் ரோலை அவருடையது என்று கொடுத்தேன்.

"வெளிச்சம் எப்படிப் பேசுது பாத்தியா?" என்றார்.

மனிதர் நிஜமாகவே தன் படம் என்று நம்புகிறார் என்று நினைத்தேன். பாவமாகக்கூட இருந்தது. அடுத்த ரோல்களில் பாதி வெறுமையாக வந்தன, மீதியில் அவர் விரல் வந்தது. நானும் என் ரோல்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவரும் அசராமல் வெளிச்சத்தைப் பேசவைத்துக்கொண்டே இருந்தார்.

போன மாதம் ஒரு படத்தை வேண்டுமென்றே சேர்த்தேன். தையல் தொழிற்சாலை இடைவேளையில், கண்ணாடி முன்னால் மூன்று பெண்கள். ஒருத்தியின் பல்லிடுக்கில் கொண்டை ஊசி. ஒருத்தி ஏதோ சொல்ல, இன்னொருத்தி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். இந்த ஒன்றைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும். "இது நான் எடுக்கலையே" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இதைப் பெருசா போடு. நடுச்சுவர்."

அவரை முட்டாள் என்று நினைத்தது நான்தான். முட்டாளும் நான்தான்.

நாற்காலியெல்லாம் சரியாகத்தான் இருந்தன. எல்லாம் நிறைந்தன. சார் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பெண்களோட நம்பிக்கையைச் சம்பாதிக்க எனக்கு முழுசா மூணு நாள் ஆச்சு."

கை தட்டினார்கள். தட்டியவர்களைத் தன் பிலிம் கேமராவில் அங்கேயே நாலு க்ளிக் எடுத்தார். குமிழ் சுற்றவில்லை. நான் என் பையை எடுத்துக்கொண்டேன்.

படிக்கட்டில் மூன்று பேர் மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தார்கள். போன வாரமே தொழிற்சாலை வாசலில் காத்து நின்று அழைத்திருந்தேன். கொண்டை ஊசி அக்கா என்னைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தார்.

"ஏன்டி, டாய்லெட்டுக்குள்ள வந்து படம் எடுத்துட்டுப் போனியே, ஒரு காப்பியாவது கொடுத்தியா?"

"மேல மாட்டியிருக்குக்கா. ஆள் உயரத்துக்கு. எடுத்தவரு மைக்ல பேசிட்டு இருக்காரு."

"எடுத்தவரா? லேடீஸ் டாய்லெட்டுக்குள்ள எந்த ஆம்பளைடி வந்தான்?"

"அவர்கிட்டயே கேளுங்கக்கா. சத்தமா கேளுங்க."

அவர்கள் இரண்டிரண்டு படியாக ஏறினார்கள். நான் இறங்கினேன்.