மூன்று பேருக்கு மூன்று விதம்

“பம்பைக் கழட்டினது நீதானே, ஆங்கஸ்? எத்தனை திருகாணி இருந்துச்சு, எத்தனை தொலைஞ்சுது, மிச்சம் எத்தனை? கணக்குச் சொல்லிட்டுச் சாப்பிட வா.”

ரொவீனா எரிந்து விழுந்தாள். விடிந்ததிலிருந்து இதே பாடுதான். ஆங்கஸுக்கு எதையாவது பிரித்துப் போட்டால்தான் கணக்கு ஏறும். அடுத்தவள் நெல், புத்தகத்தைக் கண்டாலே அழுவாள். மேசைக்கடியில் படுத்துக் காதால் கேட்டால் ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பாள். கடைக்குட்டி பிப் நாய்க்கு மட்டும்தான் வாசித்துக் காட்டுவான்.

பிள்ளைகளின் அம்மா போன வருஷம் பிரிந்து போனதிலிருந்து, இந்த மூன்றையும் கட்டி மேய்ப்பது ரொவீனாதான். பண்ணைக்காரர் கிராண்டுக்கு என்ன, ஆட்டைப் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்றைக்கு வீட்டுப் படிப்புக்கு அனுமதி தரும் அதிகாரி வந்திருந்தார், ஹால்டன் அம்மாள். அவர் கை விரித்தால் பிள்ளைகளை டப்போ நகரத்துப் பள்ளி விடுதியில் தங்கவைத்துத்தான் படிக்க வைக்க வேண்டும்.

“யாரு பாடம் எடுக்கறது?”

“இவதான்.” கிராண்ட் தேநீரிலிருந்து தலை தூக்கவில்லை.

அதிகாரி ரொவீனாவை ஏற இறங்கப் பார்த்தார். நெடுநெடுவென்ற உயரம். தொளதொளத்த சட்டையின் கையை மடித்து மடித்து விட்டிருந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பள்ளி முடித்த கையோடு பண்ணைகளில் தங்கிப் பாடம் எடுக்க வரும் பெண்கள் எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார்.

“ஏம்மா, மூணு பேருக்கும் ஒரே பாடமா வச்சா சுலபமாச்சே?”

“சுலபம்தான். ஒருத்தன் தூங்குவான், ஒருத்தி அழுவா, ஒருத்தன் நாயோட ஓடிடுவான். உங்களுக்குப் பரவாயில்லையா?”

“ரொவீனா, வாயை அடக்கு,” என்று கிராண்ட் உறுமினார்.

“பேசட்டும் விடுங்க.”

அதிகாரி மூன்று பேரையும் துருவித் துருவிக் கேள்வி கேட்டார். மூன்றும் பட்பட்டென்று பதில் சொல்லின. பிப் மட்டும் நாயின் காதில் சொன்னான். அதிகாரிக்கு வாயெல்லாம் சிரிப்பு.

“இந்த மாதிரி டீச்சரை விட்டுடாதீங்க. இந்தப் பக்கம் எவளும் நிலைச்சு நிக்கறதில்ல.”

“இவ எங்கயும் போகமாட்டா.”

ரொவீனா கையிலிருந்த சாக்பீஸைச் சுவரில் வீசி அடித்தாள். பிப் மிரண்டு நாயைக் கட்டிக்கொண்டான்.

“என்ன கோபமோ,” என்றபடி அதிகாரி கிராண்டின் பக்கம் திரும்பினார். “சரி, ரெண்டு வருஷத்துக்கு அனுமதி தந்துடறேன். ஆமா, உங்களுக்கு நாலு பிள்ளைங்கன்னு சொன்னீங்களே. மூத்தவ எங்க? அவ என்ன படிக்கறா?”

கிராண்ட் கோப்பையைக் கீழே வைத்தார். “அவ... ஆட்டுப்பட்டிப் பக்கம் போயிருக்கா.”

ரொவீனாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

“பொய் சொல்லாதப்பா. நான் இங்கதானே நிக்கறேன்.”