எல்லா முகாமிலும் கபிரியேல்

கபிரியேல் ஒரே நேரத்தில் எல்லா முகாம்களிலும் இருந்தார். கணினித் திரையில் அப்படித்தான் இருந்தது. ஹல்துமுல்லைப் பக்கத்து முகாம் ஒன்று விடாமல் அவருடைய அடையாள அட்டை இலக்கம் விழுந்திருந்தது.

முதல் வரியைக் கண்டதுமே மகள் நிஷாலினி அழுதுவிட்டாள். பேக்கரிப் பாண் விற்கப் போன அப்பாவின் முச்சக்கர வண்டி மண்சரிவில் பாதி புதைந்து கிடக்கிறது என்ற செய்தி வந்ததிலிருந்து, அவளுக்கும் அம்மா நேசராணிக்கும் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அப்பாவின் போன் அடிக்கவே இல்லை. அந்த மனிதருக்கோ வீட்டு நம்பர்கூட மனப்பாடமில்லை, எல்லாம் போனுக்குள்தான்.

அழுத கையோடு அவள் மண்சரிவு நடந்த இடத்தில் தோண்டுகிறவர்களோடு போனில் பேசினாள். அந்த வண்டிப் பக்கம் தோண்ட வேண்டாம், ஆள் முகாமில் இருக்கிறார், மண் தோண்டும் பெக்கோவை அடுத்த லயத்து வீடுகளுக்குக் கொண்டு போங்கள் என்று சொன்னாள். அதற்குப் பிறகுதான் மீதி வரிகளைப் படித்தாள். ஒரு மனுசன் எப்படி எல்லா முகாமிலும் இருப்பார்?

பண்டாரவளையில் மழைக்குப் பிறகு திறந்த நிவாரணக் கந்தோரில்தான் அவளுக்கு வேலை. காணாமல் போனவர்களின் விபரம் ஒரு பக்கம். முகாம் வாசலில் பதிகிற இலக்கங்கள் மறுபக்கம்; உள்ளே கால் வைக்கிறவர் எவரானாலும் அட்டையைக் காட்டித்தான் ஆக வேண்டும். இரண்டையும் இலக்கத்தை வைத்துச் சேர்த்துப் பார்த்தால், யார் எங்கே என்று தெரிந்துவிடும்.

பக்கத்து மேசை நௌபர் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். கணினி எந்தெந்தப் படியாகத் தேடியது என்ற வரைபடத்தைத் திறந்து பார்த்தார். இரண்டு பக்கமும் சேருகிற படியில் ஒரு மஞ்சள் முக்கோணம் இருந்தது. இணைக்க நிபந்தனை இல்லை என்று எச்சரித்தது.

கல்யாண வீட்டில் யாருக்கு யார் என்று சொல்லாமல் விட்டால் எல்லா மாப்பிள்ளைக்கும் எல்லாப் பெண்ணையும் கட்டி வைப்பது மாதிரி, நிபந்தனை இல்லாவிட்டால் கணினி எல்லோரையும் எல்லா இடத்தோடும் ஒட்டிவிடும் என்று விளக்கினார்.

"அப்ப எங்கப்பா பேரு?"

"வெறும் ஒட்டு தங்கச்சி. நம்ப ஏலாது."

நிஷாலினி போனை எடுத்தாள். ஒவ்வொரு முகாமாகப் பேசினாள். கபிரியேல் என்று யாரும் இங்கே தங்கவில்லை என்றார்கள். அடுத்த முகாமும் அதையே சொன்னது, அதற்கடுத்ததும் அதையே சொன்னது.

பெக்கோவைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கெஞ்சினாள். அடுத்த லயத்தில் மண்ணுக்கடியில் சத்தம் கேட்கிறது, விட்டுவிட்டு வர முடியாது என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் வழியில்லை.

வாசல் வாங்கில் செபமாலையோடு உட்கார்ந்திருந்த நேசராணி நிமிர்ந்து பார்த்தாள்.

"தோண்ட வேணாம்னு யாரு பாப்பா சொன்னது?"

"நான்தாம்மா."

நேசராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் செபமாலையை உருட்டத் தொடங்கினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பெற்ற தகப்பனைத் தன் வாயாலேயே மண்ணுக்குள் விட்டுவிட்டோமே என்று நிஷாலினிக்கு நெஞ்சு வெடித்தது. மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள். பாதை இன்றைக்குத்தான் திறக்கிறார்களாம், நடந்தாவது போய்க் கையால் தோண்டுகிறேன் என்று புறப்பட்டாள்.

"கொஞ்சம் நில்லுங்க தங்கச்சி," என்றார் நௌபர். அவர் முகம் மாறியிருந்தது. "நிபந்தனய நீங்க ஒழுங்காத்தான் எழுதி இருக்கீங்க."

அவர் கபிரியேலின் இலக்கத்தை எடுத்துவிட்டு, காணாமல் போனவர்களில் ஜிப்னா என்ற ஒரு பெண்ணின் இலக்கத்தைப் போட்டார். ஒரே ஒரு முகாம் வந்தது. மஞ்சள் முக்கோணம் அப்போதும் அங்கேயே நின்றது.

அவருக்கு விளங்கிவிட்டது. ஒரே ஆளின் இலக்கத்தைக் கொடுத்துத் தேடினால், கணினி இரண்டு பக்கமும் அந்த இலக்கத்தை மட்டும் முதலிலேயே பொறுக்கி எடுத்துவிடுகிறது. சேர்க்கிற படியில் ஒத்துப் பார்க்க மிச்சம் எதுவும் இல்லை. அதனால்தான் நிபந்தனை இல்லை என்று முக்கோணம் கத்துகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். விடையில் பிழையே இல்லை.

"பிழை இல்லேன்னா, ஒரு மனுசன் எப்புடி எல்லா எடத்துலயும் இருப்பாரு?" என்று கேட்டாள் நிஷாலினி. நௌபர் மறுபடியும் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

வெளியே லொறி ஒன்று வந்து நின்றது. திறந்த பாதையில் அந்தப் பக்கமிருந்து வந்த முதல் வண்டி அது, ஹல்துமுல்லை இப்றாஹீம் ஹாஜியாருடையது. பின்னாலிருந்து முழங்கால்வரை சேறு காய்ந்த ஒருவர், தலையில் ஒரு தட்டத்தோடு இறங்கினார். நேசராணியின் கையிலிருந்து செபமாலை நழுவியது.

அவர் தட்டத்தை மகளின் மேசையில் இறக்கி வைத்தார்.

"வண்டி மண்ணுல போனா என்ன, ஹாஜியார் லொறியிலயே எல்லா முகாமுக்கும் பாண் குடுத்தாச்சு பாப்பா, ஒங்க கந்தோருதான் பாக்கி."