ஜன்னலோர இருக்கை

பெங்களூரு விமான நிலையத்தின் பிற்பகல் வெயிலில் தார்த்தளம் தண்ணீர்போல் நெளிகிறது. தூத்துக்குடி போகவேண்டிய விசிறி வைத்த சின்ன விமானம் புறப்படாமல் நிற்கிறது. எடைக்கணக்கு பார்க்கும் வீணா, சிவகுருவின் இருக்கையருகே குனிகிறாள். "வெயில் ஏறிடுச்சு சார். இந்தச் சூட்டுல ஒரு இன்ஜின் நின்னாலும் பிளேன் மேல ஏறணும், அதுதான் ரூல். இன்னும் ஒருத்தர் வெயிட் குறையணும். இல்லன்னா கீழ இருக்கற பெட்டிய..." முடிக்காமல் நிறுத்துகிறாள். பெட்டியில் அவனுடைய அம்மா இருக்கிறாள். சரக்குக் கதவருகே லோடர் கோவிந்தப்பா, "பேடம்மா, வேணாம். ஏத்துன பொணத்த இறக்கக்கூடாது" என்று கையைக் கட்டிக்கொண்டுவிட்டார். பயணிகளில் யாரும் எழவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் கண்ணை இறுக்கி மூடித் தூங்குகிறார். "நான் இறங்கிடறேன் மேடம். அங்க அண்ணன் வாங்கிக்குவான்." எழுந்தவன், தான் காலிசெய்த இருக்கையின் பெல்ட்டை மாட்டி இழுத்துப் பார்க்கிறான். ஜன்னல் திரையை முழுக்க ஏற்றிவிடுகிறான். "அம்மாவுக்கு இதுதான் முதல் பிளேன். பஸ்ல போனாலே தலை சுத்துதுன்னு ஷட்டர இறக்கிடுவாங்க. இன்னைக்காவது பாக்கட்டும்." வீணா பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

கீழே, அனல்காற்று அவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறது. விசிறிகள் இரண்டும் ஒரு குறையுமில்லாமல் சுழல்கின்றன. விமானம் திரும்பும்போது அவன் தன் ஜன்னலைத் தேடிக் கையைத் தூக்குகிறான். ஏற்றிவிட்டு வந்த திரை, பாதியில் சற்றுத் தயங்கி, முழுக்க இறங்குகிறது.