நாலாவது தடவை

"இதை டைப் அடிக்க முடியாது. கொண்டு போ."

வீரசிங்கம் தாளை மேசையின் அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் புஷ்பவல்லியின் போட்டோஸ்டேட் கடை வாசலில் மேசையும் டைப்ரைட்டரும் போட்டு மனு எழுதிக் கொடுப்பவர் அவர். அரசாங்கத்தில் முப்பத்திரண்டு வருடம் கிராணியாகக் கோப்புகள் பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் சிவப்புப் பென்சில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

எதிரே நின்றவர் பா ஊடா. பகாங் மலைக்காட்டில் இருக்கும் ஓராங் அஸ்லி பழங்குடிக் கிராமம் ஒன்றுதான் அவர் கம்பம். அரை நாள் நடந்து, மரம் ஏற்றும் லோரியில் தொற்றிக்கொண்டு, அப்புறம் பஸ் பிடித்து வந்திருந்தார். கம்பத்துப் பள்ளிக்கு நாலாம் வகுப்பு கேட்டு மனு அடிக்க வந்தது இது மூன்றாவது தடவை.

முதல் தடவை, வெறும் கைநாட்டு செல்லாது, அடையாளக் கார்டு நம்பர் வேண்டும் என்றார் வீரசிங்கம். இரண்டாவது தடவை, "விலைவாசி அதிகம், பிள்ளையை டவுனில் விட்டுப் படிக்க வைக்க முடியாது என்றால் யார் நம்புவார்கள்? டவுனில் என்ன விலை, உங்கள் கம்பத்தில் என்ன விலை, இரண்டையும் எழுதிக்கொண்டு வா" என்றார். மனுஷன் அதையும் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். சீனி கிலோ டவுனில் ஒரு வெள்ளி இருபது காசு, கம்பத்துக்கு வரும் ஒரே வியாபாரியிடம் மூன்று வெள்ளி. உப்பு, அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் அதே கதைதான்.

இன்றைக்கு வேறொரு நொட்டை.

"நிறையப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுவிட்டார்கள் என்று போட்டிருக்கிறாய். நிறைய என்றால் எத்தனை? பெயர் எங்கே? வயது எங்கே?" மலாயில் அதட்டினார்.

"துவான், எங்க கம்பத்துல மூணாம் வகுப்பு வரைக்கும்தான் இருக்கு. நாலாம் வகுப்புக்கு டவுன் ஹாஸ்டல்ல விடணும். ஒரு தடவை போய்வர ஆகிற செலவுல வீட்டுக்கு ஒரு வாரச் சாப்பாடு வாங்கலாம். ஜனவரியில என் மகளுக்கும் நாலாம் வகுப்பு. மனு சீக்கிரம் போகணும்."

"பெயர் இல்லாமல் போகக் கூடாது."

பா ஊடா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். முகத்தில் கோபமே இல்லை. அதைப் பார்த்ததும் புஷ்பவல்லிக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னா அங்கிள் இது, பாவம் லா அந்த ஆளு! எல்லாத்தையும் மொத நாளே சொல்லித் தொலைச்சா என்னா?"

"ஒரு ஓட்டையை அடைச்சால்தான் மற்றது தெரியும் பிள்ளை. நீ உன்ர மிசினைப் பார்."

அவள் மிசினைப் பார்க்கவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். தனக்குத் தெரிந்த மலாயில், "அண்ணே, கோர்ட்டுகிட்ட இன்னொருத்தர் டைப் அடிக்கிறாரு. பத்து நிமிஷத்துல முடிச்சுடுவாரு. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

பா ஊடா சிரித்தார். "வேணாம் அக்கா. இவர்தான் அடிக்கணும்."

இப்படியும் ஓர் அப்பாவியா என்று தலையில் அடித்துக்கொண்டு கடைக்குத் திரும்பினாள்.

பன்னிரண்டாம் நாள் மறுபடி வந்து நின்றார் பா ஊடா. இந்தத் தடவை கையில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. உள்ளே பென்சிலில் இருபத்து மூன்று பெயர்கள், வயது, படிப்பை நிறுத்திய வருடம். கோணல் மாணலாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்து.

"யார் எழுதியது?"

"அந்தப் பிள்ளைங்களேதான், துவான். மூணு வருஷம் படிச்சதுல பேர் எழுத மட்டும் இன்னும் மறக்கல."

வீரசிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிவப்புப் பென்சிலைப் பைக்குள் வைத்தார். டைப்ரைட்டரில் தாளைச் செருகினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நாலு பிரதி எடுக்கச் சொன்னார், கொப்பியையும் சேர்த்துத் தைத்தார். பா ஊடா பணத்தை நீட்டியபோது, "முதலில் இலாகா கவுன்டர் மூடுவதற்குள் போ" என்று விரட்டினார். புஷ்பவல்லிக்கு மயக்கம் வராத குறை.

நாலரை மணிக்குப் பா ஊடா திரும்பி வந்தார். மனுவின் பிரதியில் பளிச்சென்று இலாகா முத்திரை. கூடவே ஒரு சீட்டு. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அதிகாரி ஒருவர் கம்பத்துக்கு நேரில் வருகிறாராம்.

"கவுன்டர்ல இருந்தவர் ரெண்டு தடவை படிச்சாரு, துவான். திருப்பிக் கொடுக்க ஒண்ணும் கிடைக்கல."

வீரசிங்கம் அந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். "நல்லது" என்றார். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று கடைக்குப் பின்னால் குழாயடிக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

புஷ்பவல்லியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "ஏன் அண்ணே, இந்த அலைக்கழிப்பு அலைக்கழிச்சவருகிட்டயே எதுக்குத் திரும்பத் திரும்ப வந்தீங்க?"

பா ஊடா பையிலிருந்து பழுப்பேறிய மூன்று கடிதங்களை எடுத்து நீட்டினார். எட்டு வருடத்துக்கு முன்னால் நாலாம் வகுப்பு கேட்டு அனுப்பிய மனுக்களுக்கு அதே இலாகா போட்ட பதில்கள். மூன்றிலும் ஒரே வரிதான்: 'மனு முழுமையாக இல்லை. திருப்பி அனுப்பப்படுகிறது.' என்ன குறை என்று ஒன்றிலும் இல்லை.

அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள் புஷ்பவல்லி. தினமும் பார்க்கிற கையெழுத்து. வீரசிங்கம்.

"மொத நாளே இதை அவர்கிட்ட காட்டிட்டேன், அக்கா. என்ன குறைன்னு அன்னிக்கு எழுதாம விட்டதைத்தான், இந்த மூணு தடவையா எனக்குச் சொல்லிக்கிட்டிருந்தாரு."